வந்துட்டேன், கத்தாத

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் டாக்டர். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். பாட்டில்களைக் கொதிக்க வைத்து எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டேனா என்று திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு, குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே விளக்குப் போட்டால்தான் படுக்கையறைக்கு வெளிச்சம் போகாது.

நீங்கள் சொன்னபடி மக்ரூனைப் பற்றி இன்றிலிருந்து குறித்து வைக்கிறேன். எப்போது எழுந்தான், எங்கே உட்கார்ந்தான், என்ன தின்றான். "வீட்டுல அப்ப என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்கம்மா, பூனை மட்டும் தனியா கெட்டுப்போகாது" என்றீர்கள். இரண்டு வாரம் எழுதி மொத்தமாக அனுப்புகிறேன். வேண்டாததை அனுப்பும்போது நீக்கிவிடுவேன்.

கிளினிக்கில் பாப்பா அழுததால் பாதிதான் சொன்னேன். மக்ரூன் எங்களுக்குக் கல்யாணமான வருஷம் மழையில் என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடந்தவன். எங்கள் தூத்துக்குடி மக்ரூன் பலகாரத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து நான் அம்மா வீட்டுக்குப் போனபோது அவனைக் கூட்டிப்போக முடியவில்லை. அப்பாவுக்கு மூச்சு இழுப்பு. பூனை முடி ஆகாது. அதனால் மேடவாக்கத்தில் என் கணவர் ரெஜிஸிடமே விட்டுவிட்டுப் போனேன். பிரசவம், தொட்டில், ஞானஸ்நானம் எல்லாம் முடிந்து திரும்பி வர எட்டு மாதமாகிவிட்டது.

வந்து பார்த்தால் தலையணை மாதிரி இருந்தான். விடிகாலை நாலு மணியானால் தீனிக்குக் கத்துகிறான். சாதாரணக் கத்தல் இல்லை. பாப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுகிறாள், பிறகு தூங்குவதில்லை. நானும்.

"நாலு மணிக்குச் சாப்பாடு குடுத்துப் பழக்கினது யாரு?" என்று கேட்டீர்கள். யாருமில்லை என்றேன். "பூனைக்கு மணி பார்க்கத் தெரியாதும்மா. யாரோ தினமும் குடுத்திருக்காங்க" என்றீர்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"நாலு மணிக்கு நானா? கத்துச்சின்னா எந்திரிச்சு ரெண்டு உருண்டை போட்டுட்டுப் படுப்பேன். அந்த டாக்டரம்மாவுக்கு வேற வேலையில்ல போல."

பிறகு சொன்னார், "சாம்பல் புதன் வரைக்கும் பாப்பேன் பெனி. அதுக்குள்ள சரியாகலன்னா கோவளம் பக்கம் ஒரு ஃபிரெண்டோட தோட்டம் இருக்கு. அங்க விட்டுருவேன். புள்ளையா பூனையான்னு நீயே சொல்லு."

மக்ரூன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். தோட்டத்தில் விட்டால் ஒரு நாய் போதும். ஆகவே டாக்டர், எனக்கு இருப்பது பதினைந்து நாள்.

பிப்ரவரி 4, புதன்

நாலு மணிக்கு எழுந்தான். கத்தினான். நீங்கள் சொன்னபடி எதுவும் போடவில்லை. ஆறு வரைக்கும் கத்தினான். பாப்பாவும்.

பிப்ரவரி 5, வியாழன்

பூனைக்குத் தானாகத் தீனி போடும் ஃபீடர் மெஷின் வந்துவிட்டது. நீங்கள் ஒரு யோசனையாகத்தான் சொன்னீர்கள், நானும் ஒரு பேச்சுக்குத்தான் இவரிடம் சொன்னேன். அன்றைக்கே ஆர்டர் போட்டிருக்கிறார். பாப்பாவுக்குத் தொட்டில் கம்பி வாங்க மூன்று கடை ஏறி இறங்கிய மனிதர். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் தூக்கத்தைப் பற்றி நினைக்கிறாரே என்று.

பானை மாதிரி வெள்ளையாக இருக்கிறது. மேலே தீனியைக் கொட்டி மூடிவிட்டால், சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு கீழே தட்டில் விழும். விழுவதற்கு முன்னால் நம் குரலில் கூப்பிடும். அதற்கு ஒரு பட்டன். அழுத்திப் பேச வேண்டும். சமையலறை ஓரமாக வைத்தோம்.

"நீ பேசு" என்றார்.

"எட்டு மாசமா உங்க குரலுக்குத்தானே பழகியிருக்கான். நீங்களே பேசுங்க."

யோசிக்காமல் குனிந்து பட்டனை அழுத்தினார். "வந்துட்டேன்டா, வந்துட்டேன். கத்தாத."

அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கெஞ்சலாக இவர் பேசி நான் கேட்டதில்லை. பாப்பா தூங்கும்போதுகூட இவர் டிவி சத்தத்தைக் குறைப்பதில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் நாள். நாலுக்குச் சற்று முன்பே விழித்துக் கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்டபடி அப்படியே எழுதுகிறேன்.

சமையலறையிலிருந்து இவர் குரல் வந்தது. வந்துட்டேன்டா, வந்துட்டேன், கத்தாத. தட்டில் தீனி சலசலவென்று விழுந்தது. மக்ரூன் துள்ளி எழுந்து ஓடினான். சமையலறைக்கு இல்லை. வாசல் கதவுக்கு.

செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கையே பார்த்தான். பின்னால் தட்டு நிறையத் தீனி கிடக்கிறது, திரும்பவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் பால்கனியிலிருந்து பறந்து வருகிறவன் இவன். கதவு திறக்கவில்லை என்றதும் கத்த ஆரம்பித்தான்.

மெஷின் சமையலறையில் இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. தூக்கிக்கொண்டு போய்த் தட்டைக் காட்டினேன். தின்றுவிட்டு மறுபடி கதவுக்கே போனான்.

இது எதனால் டாக்டர்? குரல் எங்கிருந்து வருகிறது என்று பூனைக்குத் தெரியாதா?

பிப்ரவரி 7, சனி

அதேதான். பாப்பாவுக்கு மூக்கடைப்பு. ராத்திரி முழுக்க அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் போய்த் திரும்பும்போது லிஃப்டில் எதிர்வீட்டு மேகலா அக்கா. பாப்பாவின் கன்னத்தைத் தடவிவிட்டு, "பூனை இப்பவும் விடிகாலைல கத்துதே, பாவம், அவர் வர்றாருன்னே நெனச்சிக்குது போல" என்றார்கள்.

"யாரு வர்றாருக்கா?"

"உங்க வீட்டுக்காரர்தான். நைட் டூட்டி முடிஞ்சிடுச்சில்ல இப்ப? நீ ஊருக்குப் போயிருந்தப்ப பார்ப்பேனே. எங்க வீட்டுக்காரரை ஏர்போர்ட் ஷிப்டுக்கு அனுப்ப நான் நாலு மணிக்கே எழுந்துடுவேன். கரெக்டா அப்பத்தான் ஷூவைக் கையில புடிச்சிக்கினு பூனை மாதிரி வருவாரு. உள்ள நெஜப் பூனை கத்தும். இவரு கதவைத் திறந்ததும் கப்சிப். நானும் எங்க வீட்டுக்காரரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

நானும் சிரித்தேன். "ஆமாக்கா. டூட்டி முடிஞ்சிருச்சி" என்றேன்.

ரெஜிஸ் டைல்ஸ் கம்பெனியில் விற்பனை மேலாளர். காலை ஒன்பதரைக்குப் போய் ராத்திரி எட்டுக்கு வருவார். ராத்திரியில் யாரும் டைல்ஸ் வாங்குவதில்லை.

அடைமழைக் காலத்தில் ஸ்டாக் சரிபார்க்க வேண்டியிருந்திருக்கும். சில நாள் இருந்திருக்கும். மேகலா அக்கா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். மீன்காரரைப் பற்றியும் அப்படித்தான் ஒருமுறை சொன்னார்கள்.

மக்ரூன் நாலுக்கு எழுந்தான். வாசலில் உட்கார்ந்தான். கத்தினான்.

பிப்ரவரி 9, திங்கள்

நேற்று எழுதியதில் பூனைக்குச் சம்பந்தமில்லாதது அதிகம். நீக்க வேண்டும்.

இன்று எடை பார்த்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்தேன். அவன் கொஞ்சம் குறைந்திருக்கிறான். நான் அவனைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அம்மா போன் பண்ணினாள். பாப்பாவுக்குக் கூழ் கொடுத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னட்டி, தூங்குதியா இல்லையா? குரலே சரியில்லையே."

"பூனை எழுப்பி விடுதும்மா."

"அத எங்கயாவது விட்டுத் தொலையேன். மாப்ளதான் பாவம், வேலைக்குப் போற மனுசன். நீ இங்க இருந்தப்ப நான் தெனம் ஒம்பது மணிக்குப் போன் போடுவேன்லா, சாப்ட்டீங்களா மாப்ளன்னு. சாப்ட்டேன் அத்தை, படுக்கப் போறேன்னுதான் சொல்லுவாரு. ஒரு நாளு மாறினதில்ல. நம்ம செலின் மருமவனப் பாரு, பாதி ராத்திரி வரைக்கும் கிளப்புல கெடக்கான். உனக்கு வாச்சது தங்கம்."

"ஒம்பது மணிக்கப்புறம் எப்பவாவது போன் பண்ணியிருக்கியாம்மா?"

"படுக்கப் போறேன்னு சொன்ன மனுசனுக்கு எதுக்குட்டி போன் பண்ணணும்?"

பாப்பா கூழைத் துப்பிவிட்டாள். ஸ்பீக்கர் முழுக்க ராகி. பேச்சு அத்தோடு நின்றது.

எனக்கும் ராத்திரியில் இவர் போன் செய்ததில்லை. "வயித்துப் புள்ளக்காரி தூங்கணும்" என்பார். எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

பிப்ரவரி 11, புதன்

சாதாரணமாகத்தான் கேட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல ஏன் வந்துட்டேன்னு சொன்னீங்க? படுக்கையில இருந்து எந்திரிச்சுப் போறவரு அப்படியா சொல்லுவாரு?"

இஸ்திரிப் பெட்டி ஒரு இடத்தில் நின்றது. பிறகு நகர்ந்தது.

"வாயில வந்ததச் சொன்னேன். இதுக்கெல்லாமா அர்த்தம் பாப்பாக? நீ தூக்கமில்லாம என்னத்தையாவது யோசிக்க பெனி. டாக்டர்ட்டப் போய்க் காட்டு. பூனை டாக்டர்ட்ட இல்ல, மனுச டாக்டர்ட்ட."

சட்டைக் காலரில் லேசாகக் காந்தல் அடையாளம். நல்ல சட்டை.

பிள்ளை பெற்ற பின் சிலருக்கு இப்படிச் சந்தேகம் வரும் என்று நானும் படித்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவள், கண்ணுக்குத் தெரியாததை இருப்பதாக நம்புவது எனக்குப் பழக்கம்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

மெஷினில் இவர் குரலை அழித்துவிட்டு என் குரலைப் போட்டேன். பட்டனை அழுத்தியதும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. முதலில் பேசியது திட்டுவது போல இருந்தது. அடுத்தது லீவு கேட்பது போல இருந்தது. கடைசியில், "மக்ரூன், சாப்பிட வா" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

டாக்டர், பலித்துவிட்டது.

என் குரல் வந்ததும் எழுந்தான். ஒரு நிமிஷம் குழம்பி நின்றான். பிறகு நேராகச் சமையலறைக்குப் போய்த் தட்டைக் காலி செய்தான். கத்தவில்லை. பாப்பா ஆறரை வரை தூங்கினாள். பயந்துபோய் நானே போய் அவள் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன்.

"பாத்தியா, மெஷினு சரி பண்ணிருச்சி" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மக்ரூன் இனி கோவளம் போக வேண்டாம்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். தின்று முடித்ததும் அவன் மறுபடி வாசலுக்குத்தான் போகிறான். கத்துவதில்லை. சும்மா உட்கார்ந்து கதவைப் பார்க்கிறான். கத்தியபோது பசி என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 14, சனி

நேற்றைப் போலவே. கத்தவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி ஸ்ரீபெரும்புதூர் குடோனில் ஸ்டாக் எடுக்க வேண்டுமாம். விடிய விடிய வேலையாம், அங்கேயே குளித்துவிட்டு ஆபீஸ் போய்விடுவாராம். நான் வந்த பிறகு இதுதான் முதல் முறை.

"நீ ரூம் கதவச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கு. அதான் மெஷின் இருக்குல்லா. நீ எந்திரிக்க வேண்டியதே இல்ல" என்றார்.

எவ்வளவு அக்கறையாகச் சொன்னார் என்பதை எழுதத்தான் வேண்டும். கேட்காமலேயே மெஷின் வாங்கித் தந்த மனிதர்.

பிப்ரவரி 16, திங்கள்

எட்டு மணிக்குக் கிளம்பினார். அந்தக் காந்தல் விழுந்த சட்டையைப் போடவில்லை. புதுச் சட்டை. குடோனுக்கு.

பாப்பா தூங்கிவிட்டாள். துணி மடித்தேன். நாளைக்கு மெஷினில் தீனி நிரப்ப வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பாப்பா மூன்றரைக்கே எழுந்துவிட்டாள். படுக்கையறையில் புழுக்கமாக இருந்ததால் கூடத்துக்கு வந்து, விளக்குப் போடாமல் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

நாலு மணிக்கு மெஷினில் என் குரல் கூப்பிட்டது. தீனி விழுந்தது. மக்ரூன் அசையவில்லை. ஏற்கெனவே செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருந்தான். காது மட்டும் விறைத்து நின்றது. பிறகுதான் எனக்கு லிஃப்ட் சத்தம் கேட்டது. அவனுக்கு அது முன்பே கேட்டிருக்கிறது.

சாவி ரொம்ப மெதுவாகத் திரும்பியது. கதவு ஒரு ஆள் நுழையும் அளவு திறந்தது. ஷூ கையில் இருந்தது. குனிந்து அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வந்துட்டேன்டா, வந்துட்டேன். கத்தாத."

மக்ரூன் கத்தவே இல்லை டாக்டர். வாயைத் திறக்கவில்லை. கத்தாத பூனையைக் கத்தாதே என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். இருட்டில் பழகிய கை நேராக அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்த் தீனி டப்பாவை எடுத்தது. பாப்பா தொண்டையைச் செருமினாள். அப்போதுதான் திரும்பினார்.

"நீ தூங்கலையா?"

"பால் குடுக்கேன்."

"வேல சீக்கிரம் முடிஞ்சிருச்சி. அதான், வீட்டுக்கே வந்துரலாம்னு."

"சரி."

"லைட்டப் போட வேண்டியதுதானே. பயந்துட்டேன்."

டைல்ஸ் குடோனுக்குப் போய்வந்தால் இவர் பேண்ட் முழங்கால் வரை வெள்ளைப் பொடியாக இருக்கும். அதைத் தனியாக ஊற வைக்க வேண்டும், மற்றத் துணியோடு போட்டால் எல்லாம் வெளுத்துவிடும். கல்யாணமாகி வந்ததும் நான் கற்றுக்கொண்ட முதல் வேலை அதுதான். காலையில் ஊற வைக்கலாம் என்று பேண்டை எடுத்தேன். ஊற வைக்க ஒன்றும் இல்லை. மடித்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

எட்டு மாதம். நான் கால் வீங்கி, ஒருக்களித்துப் படுத்து, இவர் தூக்கம் கெடக்கூடாது என்று ராத்திரிகளில் போன் செய்யாமல் இருந்த எட்டு மாதம். இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் வாயை அடைக்கத் தினமும் ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறார். அவன் குண்டானது அப்படித்தான். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் டாக்டர்.

என் வாயை அடைக்க எதுவுமே கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

காலைப் பூசைக்கு மூன்று பேரும் போனோம். சாம்பல் பூசிக்கொண்டோம். பாப்பாவின் நெற்றியிலும் சாமியார் லேசாக ஒரு புள்ளி வைத்தார். திரும்பி வரும்போது, இந்தத் தவக்காலத்தில் கறி மீன் இரண்டையும் விட்டுவிடப் போவதாக இவர் சொன்னார். ரொம்பத் தீவிரமாகச் சொன்னார், நெற்றியில் சாம்பலோடு.

"நல்லது" என்றேன். பிறகு, பாப்பாவுக்குச் சளி விடவில்லை, கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றேன்.

எத்தனை நாள் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"போய்ட்டு வா. அவசரப்படாத, புள்ள நல்லாத் தேறட்டும்." பிறகு, "பூனை?"

"கூட்டிட்டுப் போறேன்."

அவர் முகத்தில் வந்தது நிம்மதிதான். அதை நான் தவறாகப் பார்த்திருக்க வழியில்லை. பகல் வெளிச்சம்.

அம்மாவிடமும் சளி என்றுதான் சொல்லியிருக்கிறேன். "உங்க அப்பாக்கு இழுப்பு இருக்கையில பூனை எதுக்குட்டி?" என்றாள். அவன் வராவிட்டால் நானும் வரவில்லை என்றேன். "என்னட்டி ஆச்சு?" என்று கேட்டாள். அவள் அவ்வளவு மெதுவாகக் கேட்டதில்லை. வந்து சொல்கிறேன் என்றேன்.

மெஷினை எடுத்துப் போகப்போவதில்லை. உள்ளே இருந்த தீனியைக் கொட்டிப் பையில் கட்டிவிட்டு, நாங்கள் கிளம்பும் வரை சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறேன். ஆனால் நேரம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, தட்டில் எதுவும் விழாவிட்டாலும் குரல் வரும். முன்பு நான் பேசியதை அழித்துவிட்டுப் புதிதாகப் பேசியிருக்கிறேன். இந்த முறை ஒரே தடவையில் சரியாக வந்தது. திட்டுவது போலவும் இல்லை, லீவு கேட்பது போலவும் இல்லை.

"வந்துட்டீங்களா?"

அவ்வளவுதான். நாங்கள் போன பிறகு தினமும் நாலு மணிக்கு, இருட்டுக்குள் கேட்கும்.

இதை அனுப்புவதற்கு முன் முழுவதும் படித்துப் பார்த்தேன். நீக்கவேண்டியதை நீக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு விட்டுவிட்டேன். எதை எடுத்தாலும் பூனையும் சேர்ந்து போய்விடுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. வெள்ளிக்கிழமை ஜூடு அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். தூத்துக்குடிக்குப் பத்து, பதினொரு மணி நேரமாகும். கிளம்பும் முன் மக்ரூனுக்குத் தீனி கொடுக்கலாமா, வெறும் வயிற்றில் கூட்டிப்போக வேண்டுமா? வழியில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது? மாடி அறையில் வைத்துக்கொண்டால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? புது வீட்டில், புதுக் கதவு இருக்கும் இடத்தில், நாலு மணிக்கு எழுந்து உட்காருவதை அவன் மறந்துவிடுவானா, எவ்வளவு நாளில்?

தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள், டாக்டர்.

பெனிட்டா